துளிர்க்காத நரம்பு

மரத்திலிருந்து ஒருவர் விழுந்துவிட்டால் நம் ஊர்களில் முதலில் நடப்பது, நாலு பேர் ஓடிவந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்குவதுதான். பதற்றத்திலும் பாசத்திலும் செய்வது. ஆனால் முதுகெலும்பு முறிந்து கிடப்பவரை அப்படித் தூக்கினால், உடைந்த எலும்பு நகர்ந்து உள்ளே இருக்கும் தண்டுவடத்தை நசுக்கும். பாதியாக இருந்த காயம் முழுதாகிவிடும். தலையும் கழுத்தும் இடுப்பும் ஒரே கோட்டில் நிற்கும்படி மூன்று நான்கு பேர் சேர்ந்து பிடித்து, உடம்பை முறுக்காமல் ஒருசேரப் புரட்டி, பலகை ஒன்றில் ஏற்ற வேண்டும். கழற்றிய கதவு கிடைத்தாலும் போதும். நரம்பு மீண்டும் வளர்வதைப் பற்றிய அத்தியாயத்தை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். மரபணு ஆய்வு இதுவரை எந்த மனிதருக்கும் திருப்பித் தராத அளவு தண்டுவடத்தை, அந்தச் சில நிமிடக் கவனம் காப்பாற்றிவிடும்.

போனக்காட்டை மனதில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், அகத்தியமலைக்கு ஏறுகிறவர்கள் நடையைத் தொடங்கும் இடம். வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலை எஸ்டேட் இயங்காமல் போய் வருஷங்கள் ஆகின்றன. லயங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தங்கிவிட்டன. பலா மரத்திலோ, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக்கிலோ ஏறியவர் கைநழுவி விழுந்தால், காட்டு ரோட்டில் வளைந்து வளைந்து விதுரா வரை இறங்கி, அங்கிருந்து நகரத்து மெடிக்கல் காலேஜுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பயண நேரத்தில் தண்டுவடம் சும்மா இருப்பதில்லை. விழுந்த கணத்தில் நசுங்கிய செல்கள் கொஞ்சம்தான். அவற்றிலிருந்து கொட்டும் குளூட்டமேட் பக்கத்துச் செல்களை அளவுக்கு மீறித் தூண்டுகிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. ரத்தக் கசிவும் வீக்கமும் சேர்கின்றன. அடிபடாத செல்களும் மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஒவ்வொன்றாக மடிகின்றன. மருத்துவர்கள் இதை இரண்டாம் கட்டக் காயம் என்கிறார்கள்.

எல்லாம் அடங்கிய பிறகு எஞ்சுவது ஒரு தழும்பும், சில சமயம் நீர் கோத்த ஒரு குழியும். மூளையிலிருந்து காலை அசைக்கச் சொல்லி இறங்கிவரும் ஆக்சான்கள், அதாவது நரம்பு செல்லின் நீண்ட இழைகள், குழிக்கு மேலேயே அறுபட்டு நிற்கும். அந்தச் செல்கள் பெரும்பாலும் செத்துவிடுவதில்லை. மண்டைக்குள் உயிரோடுதான் இருக்கின்றன. இழை மட்டும் வளர்வதில்லை.

தேயிலைத் தோட்டத்தில் கவாத்து பார்த்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். இலை ஒன்று விடாமல் வெட்டி, வெறும் கட்டையாக நிற்கும் செடி, சில வாரங்களில் பட்டைக்கடியில் உறங்கிய மொட்டுகளிலிருந்து துளிர்விடுகிறது. கவாத்து இல்லாமல் விட்ட தேயிலை மரமாக உயர்ந்துவிட்டாலும் அந்த மொட்டுகள் போய்விடுவதில்லை. நரம்பு செல்லுக்குள்ளும் அப்படி உறங்குவது ஏதாவது உண்டா, இல்லை வளரும் திறனே ஒழிந்துவிட்டதா? நூறு ஆண்டுக்கும் மேலாக ஆய்வாளர்கள் பதில் தேடிவரும் கேள்வி இதுதான்.

கவாத்துக் கத்தி மணிக்கட்டில் இறங்கி நரம்பு அறுபட்டால் கதை வேறு. அறுந்த முனைகளைச் சேர்த்துத் தைத்தால், இழை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வீதம் விரலை நோக்கி வளரும். மாதக்கணக்கில் பொறுத்தால் விரலுக்கு உணர்வு திரும்ப வாய்ப்புண்டு. கையிலும் காலிலும் ஓடும் நரம்பு இப்படி வளர்கிறது; மூளையிலும் தண்டுவடத்திலும் இருப்பது வளர்வதில்லை. ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ காஹால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வரைந்து வைத்தார். தண்டுவடத்தில் அறுபட்ட முனைகளும் முதலில் கொஞ்சம் துளிர்க்கின்றன, பிறகு வீங்கி நின்றுவிடுகின்றன என்பதை அவர் கவனித்திருந்தார். அவருடைய மாணவர் டெல்லோ, காலில் ஓடும் நரம்பின் துண்டை முயலின் மூளையில் வைத்தபோது இழைகள் அதற்குள் வளரக் கண்டார். அதை உலகம் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1981-இல் மாண்ட்ரியலில் சாமுவேல் டேவிடும் ஆல்பர்ட் அகுவாயோவும் எலிகளில் அதே சோதனையை நவீன முறையில் செய்தார்கள். மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு ஒரு நரம்புத் துண்டைப் போட்டார்கள். மைய நரம்பு மண்டலத்தின் இழைகள் அதற்குள் சுமார் 3 சென்டிமீட்டர் வளர்ந்தன. எலிக்கு அது பெரிய தூரம்.

ஆக, செல்லால் முடியும்; சூழல் விடவில்லை. அந்தக் காலத்து முடிவு இதுதான். சூழலில் தடுப்பது எது என்று சூரிக்கில் மார்ட்டின் ஷ்வாப் தேடினார். இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையில் வளர்ச்சியை நிறுத்தும் புரதம் ஒன்று இருப்பதை 1988-இல் காட்டினார். 2000-ஆம் ஆண்டில் மூன்று குழுக்கள் ஒரே சமயத்தில் அதன் மரபணுவைப் பிடித்தன. நோகோ என்று பெயர் வைத்தார்கள். அடுத்து என்ன? அந்த மரபணு இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்ப்பதுதான். 2003-இல் மூன்று ஆய்வுக்கூடங்கள் தத்தம் எலிகளைப் பற்றி எழுதின. ஒன்றில் இழைகள் நன்றாக வளர்ந்தன. இன்னொன்றில் ஓரளவு. மூன்றாவதில் வளரவே இல்லை.

இந்த முரண்பாட்டைத் தோல்வி என்று தள்ளிவிடக் கூடாது. தடையை அகற்றினால் மட்டும் போதாது, வளர வேண்டிய செல்லுக்கே அந்த முனைப்பு வேண்டும் என்று ஆய்வாளர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது அதுதான். பாஸ்டனில் ஷீகாங் ஹேயின் குழு செல்லுக்குள்ளே தேடியது. 2008-இல் கண் நரம்பிலும், 2010-இல் தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புகளிலும் பீடென் என்ற ஒரு மரபணுவை நீக்கிவிட்டுக் காயப்படுத்தினார்கள். அதுவரை யாரும் பார்த்திராத அளவுக்கு இழைகள் வளர்ந்தன. ஆனால் பீடென் என்பது செல் கட்டுமீறிப் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் மரபணு. அது பழுதான இடத்தில் புற்றுநோய் வரக்கூடும். அதனால்தான் எலியில் கிடைத்த அந்த வெற்றியை அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர முடியவில்லை.

நம் நாட்டில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்திருப்பவர்களில் ஹைதராபாத் சி.சி.எம்.பி. என்ற செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் ஆய்வுக்கூடம் நடத்தும் ஈஸ்வர்யா வெங்கடேஷ் குறிப்பிடத்தக்கவர். அவருடைய வேலையைப் புரிந்துகொள்ள ஒரு அடிப்படை வேண்டும். நம் ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய 2 மீட்டர் நீள டி.என்.ஏ. இருக்கிறது, ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றப்பட்டு மடங்கிக் கிடக்கிறது. இறுக்கமாக மடங்கிய பகுதியில் உள்ள மரபணுவைச் செல்லால் படிக்க முடியாது. தளர்ந்த பகுதியில்தான் படிக்கும் புரதங்கள் வந்து உட்கார இடம் கிடைக்கும். கருவிலும் பிறந்த புதிதிலும் மூளையின் நரம்பு செல்களில் இழையை வளர்க்கும் மரபணுக்களைச் சுற்றிய பகுதிகள் தளர்ந்திருக்கின்றன. வளர்ந்து, இணைப்புகள் அமைந்து, வேலை தொடங்கியதும் அவற்றில் பல மடங்கி இறுகிவிடுகின்றன. அமெரிக்காவின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் முர்ரே பிளாக்மோருடன் இருந்த காலத்திலேயே ஈஸ்வர்யா இந்த மாற்றத்தைக் கட்டம் கட்டமாகப் பதிவு செய்தார்.

இயற்கைக்கு இதில் ஒரு நியாயம் இருக்கிறது. கோடிக்கணக்கான இணைப்புகள் நிலையாக நின்றால்தான் நடக்கவும் பேசவும் நினைவு வைக்கவும் முடியும். வளர்ந்த மூளையில் இழைகள் தங்கள் இஷ்டத்துக்குக் கிளைவிட்டால் ஒன்றும் நிலைக்காது. மரபணு தொலைந்துவிடவில்லை, மடங்கிக் கிடக்கிறது என்பதுதான் இதில் நம்மைப் பிடித்து நிறுத்தும் செய்தி. தேயிலைக் கட்டையின் உறங்கும் மொட்டு நரம்பிலும் உண்டு.

அதை எழுப்ப ஒரே ஒரு மரபணுவைத் தூண்டிப் பார்ப்பதுதான் பல காலம் வழக்கமாக இருந்தது. கே.எல்.எஃப். என்று ஒரு மரபணுக் குடும்பம் இருக்கிறது. மற்ற மரபணுக்களை இயக்குவதும் அடக்குவதும் அவற்றின் வேலை. அந்தக் குடும்பத்தின் நான்காவது உறுப்பினர் இழை வளர்ச்சியை அடக்குகிறது என்று 2009-இல் மயாமியில் கண்டார்கள். ஆறாவதும் ஏழாவதும் வளர்ச்சியைத் தூண்டுகின்றன. ஆனால் தனியாகத் தூண்டினால் பலன் ஓரளவோடு நின்றுவிடுகிறது. கருவில் இருக்கும்போது இந்த இயக்கிகள் தனித்தனியாக வேலை செய்வதில்லை, ஒரே இடத்தில் கூட்டாக உட்காருகின்றன. அப்படியானால் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று கணினியில் தேடலாமே என்பது ஈஸ்வர்யா குழுவின் யோசனை. தேடலில் வந்த ஜோடிகளை முதலில் தட்டில் வளர்த்த செல்களிலும், பிறகு தண்டுவடத்துக்கு இறங்கும் பாதையில் காயம் செய்த எலிகளிலும் சோதித்தார்கள். கே.எல்.எஃப். 6-உம் என்.ஆர்.5.ஏ.2 என்ற இன்னொரு மரபணுவும் சேர்ந்தபோது, தனித்தனியாக இருந்ததைவிட இழைகள் அதிகம் கிளைத்தன. 2021-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்தது இது. எலி எழுந்து ஓடிவிடவில்லை. ஆனாலும் எதை எதனோடு சேர்ப்பது என்று கண்ணைக் கட்டிக்கொண்டு தேடிய துறைக்கு ஒரு முறை கிடைத்தது.

மடங்கிய மரபணுவைத் தானாகவே திறந்துகொள்ளும் உயிர்கள் உண்டு. லயத்துச் சுவரில் ஊரும் பல்லி, வாலை உதறிவிட்டு ஓடும். வால் திரும்ப முளைக்கும். அந்தப் புது வாலுக்குள் எலும்புக்குப் பதில் குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கும். தண்டுவடமும் பெயரளவுக்குத்தான், உட்குழாயை ஒட்டிய செல்கள் நீண்டிருக்குமே தவிர, பழைய நரம்பு செல்கள் முழுக்கத் திரும்பியிருக்காது. மீன் இதைவிடப் பல படி மேல். அகத்தியமலைச் சரிவின் ஓடைகளில் கூட்டம் கூட்டமாகத் திரியும் சிறு மீன்களில் மலபார் டேனியோவும் ஒன்று. விரல் நீளம் இருக்கும், பக்கவாட்டில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள். அதன் நெருங்கிய உறவுதான் ஜீப்ரா மீன். 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கையின் மீன்களைப் பற்றிய தன் நூலில் முதன்முதலாக விவரித்த நம் மண்ணின் மீன் அது. பிறகு அமெரிக்காவின் ஆரிகனில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் கையில் மரபணு ஆய்வுக்கு வந்து, இன்று உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் நீந்துகிறது. 2013-இல் அதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு அதில் இணை இருப்பது தெரிந்தது.

ஜீப்ரா மீனின் தண்டுவடத்தை முழுக்க அறுத்தாலும் அது ஆறு முதல் எட்டு வாரங்களில் மறுபடி நீந்துகிறது. கொல்கத்தாவில் சுக்லா கோஷும் சுப்ர பிரகாஷ் ஹுயியும் இந்த மீளுதலின்போது எந்தெந்த மரபணுக்கள் எப்போது விழிக்கின்றன என்று வரிசையாகத் தேடியிருக்கிறார்கள். 2016-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் மய்ஸா மொகல்லட், கென்னத் பாஸ் குழு ஒரு குறிப்பிட்ட மரபணுவைச் சுட்டிக்காட்டியது. பெயர் சி.டி.ஜி.எஃப்.ஏ. அறுபட்ட இடத்தின் இரு கரையிலிருந்தும், நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் கிளியா செல்கள் நீண்டு பாலம் போடுகின்றன. அந்தப் பாலத்துக்கு இந்த மரபணு வேண்டும். அது இல்லாத மீனில் பாலம் அமையவில்லை, நீச்சலும் சரியாகத் திரும்பவில்லை. நமக்கும் இந்த மரபணு இருக்கிறது. மனிதப் புரதத்தைத் தயாரித்து மீனின் காயத்தில் கொடுத்தபோது பாலம் விரைவாக அமைந்தது. நம்மில் காயத்துக்குப் பின் வருவது தழும்பு, மீனில் வருவது பாலம். புரதத்தில் அவ்வளவு குறையில்லை என்றால், எந்தச் செல்லில் எப்போது அந்த மரபணு இயங்குகிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்க வேண்டும். புனேயில் அகார்கர் ஆய்வு நிறுவனத்தின் சின்மய் பாத்ரா குழு, இதே மரபணு மீனின் முதுகெலும்பு டிஸ்க்கைப் புதுப்பிக்கவும் தேவை என்று 2023-இல் காட்டியது. ஒரே மரபணு, எலும்புக்கு இடையிலும் நரம்புக்குள்ளும்.

புழுக்களிலும் வேலை நடக்கிறது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையத்தில் அனிந்த்ய கோஷ்-ராயின் குழு, 1 மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவின் தொடு உணர்வு நரம்பை லேசரால் அறுத்துவிட்டு, சில புழுக்களை நீந்த விட்டது. நீந்திய புழுக்களில் நரம்பு நன்றாக வளர்ந்தது, தொடு உணர்வும் திரும்பியது. செல்லின் சக்தி நிலையைக் கவனிக்கும் ஏ.எம்.பி.கே. என்ற நொதியின் மரபணுவை எடுத்துவிட்டால் நீச்சலால் பயனில்லை. பிசியோதெரபிஸ்ட் தினமும் வந்து காலை மடக்கி நீட்டும்போது, ‘அசையாத காலுக்கு எதுக்கு இதெல்லாம்’ என்று கேட்கிற வீடுகள் உண்டு. புழுவில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். உடலசைவு நரம்பின் மரபணு வரை போய் எட்டுகிறது என்பதற்கு அது ஒரு சாட்சி.

மருத்துவமனை வரை வந்து சேர்ந்தது என்ன? ஷ்வாபின் நோகோவை முடக்கும் எதிர்ப்புரத மருந்தை ஐரோப்பிய மருத்துவமனைகள் கழுத்தில் காயம்பட்ட 126 பேரிடம் சோதித்தன. 2024 இறுதியில் வந்த முடிவில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் தெளிவான வித்தியாசம் இல்லை. தண்டுவடம் முழுதும் பாதிக்கப்படாமல் கொஞ்சம் அசைவு மிஞ்சியிருந்தவர்களிடம் முன்னேற்றத்துக்கான அடையாளம் இருந்தது. மரத்தடியில் பலகை தேடியவர்கள் காப்பாற்றிக் கொடுப்பது அந்த மிச்சத்தைத்தான். ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஹிதேயுகி ஒகானோ குழு ஐ.பி.எஸ். என்ற ஸ்டெம் செல்களிலிருந்து தயாரித்த நரம்பு முன்னோடிச் செல்களை நான்கு பேருக்கு வைத்தது; இருவரிடம் முன்னேற்றம் தெரிந்ததாக 2025-இல் அறிவித்தார்கள். நான்கு பேரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இந்தச் செய்திகளைப் பேப்பரில் படித்துவிட்டு, லட்சக்கணக்கில் கடன் வாங்கி, ஏதோ ஒரு கிளினிக்கில் ‘ஸ்டெம் செல் ஊசி’ போட்டுக்கொண்டு வருகிற குடும்பங்கள் இருக்கின்றன. நிலத்தை விற்றவர்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சில ரத்தம் சார்ந்த நோய்களுக்கு மட்டுமே ஸ்டெம் செல் சிகிச்சை அங்கீகரிக்கப்பட்டது. தண்டுவடக் காயம் அதில் இல்லை. மற்ற எதுவானாலும் முறைப்படி பதிவு செய்த ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வில் சேர்கிறவரிடம் பணம் கேட்கக் கூடாது. சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். யாராவது கட்டணம் சொன்னால் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

ஆய்வுக்கூடங்களின் இன்னொரு வரம்பையும் மறைக்கக் கூடாது. மேலே சொன்ன எலிச் சோதனைகளில் பெரும்பாலானவை காயத்துக்கு முன்போ, காயமான உடனேயோ மரபணுவை மாற்றியவை. நம் வீடுகளில் படுத்திருப்பவர்களுக்குக் காயமாகி ஐந்து, பத்து, இருபது வருஷம் ஆகியிருக்கும். அத்தனை காலம் கழித்து அந்தச் செல்களை எழுப்புவது வேறு கணக்கு. எழுப்பினாலும் இழை சரியான இடத்துக்குப் போக வேண்டும். லோசானில் கிரெகுவார் கூர்டின் குழு, எலிகளில் இழைகளைக் காயத்தைத் தாண்டி வளரவைத்தும் கால் அசையாததைப் பார்த்தது. பிறகு 2023-இல், நடைக்குத் தேவையான செல் வகையைத் தேர்ந்து, அவை இயல்பாகச் சென்று சேரும் இடுப்புப் பகுதிக்கே அவற்றின் இழைகளை வரவழைத்தபோது எலிகள் நடந்தன. வளர்வதும் வழி தெரிந்து வளர்வதும் வெவ்வேறு.

அதுவரை உடம்பு தாங்கி நிற்க வேண்டும். படுக்கைப் புண் எலும்பு வரை போனவருக்கும், சிறுநீர்த் தொற்றில் கிட்னி கெட்டவருக்கும், முட்டி மடங்கியபடியே இறுகிப்போனவருக்கும் நாளைக்கே நரம்பு வளர்ந்தாலும் பயன் சொற்பம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும், சிறுநீர் டியூபைச் சுத்தமாக வைத்துக்கொள்வதும் மரபணு ஆய்வின் எதிர் முனையில் இருக்கும் வேலைகள் இல்லை. அதே வேலையின் பாதி. இந்தப் பாதியில் நம்மவர்கள் உலகுக்குச் சளைத்தவர்கள் இல்லை. கேரளத்தில் பிறந்து வேலூர் சி.எம்.சி.யில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் பாதித்து இடுப்புக்குக் கீழ் அசைவிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையை வேலூரில் கட்டியெழுப்பினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் தொடங்கியது. போனக்காட்டு மலைத்தொடருக்குக் கிழக்கே, தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ்.ராமகிருஷ்ணன். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தெலும்பில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவிழந்த பொறியியல் மாணவர். 1981-இல் தன் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். தனக்குச் சிகிச்சை தந்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலை ஒட்டி வைத்த பெயர் அது. தண்டுவடக் காயமுற்றவர்கள் அங்கே தங்கி, படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தாங்களே மாறவும், புண் வருகிறதா என்று கண்ணாடி பிடித்துத் தாங்களே பார்க்கவும், பிழைப்புக்கு ஒரு தொழில் செய்யவும் கற்றுக்கொள்கிறார்கள்.

மலை எஸ்டேட்டுகளில் விழுகிறவர்களுக்கு முதலில் வேண்டியது இந்தப் பயிற்சி கிடைக்கும் இடத்தின் விலாசம். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் அன்றே அது கையில் கிடைக்க வேண்டும். பெரும்பாலும் முதல் புண் வந்த பிறகுதான் கிடைக்கிறது.